உறையின் மேற்புறம்: அஞ்சல்தலைக் குழுக்களில் நம் முகவரி போய்ச்சேரும் தூரம்

ஒரு வாசகரின் கேள்வி, ஜூன் 8, காலை

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறேன். மூன்று வாட்ஸ்அப் குழுக்களிலும் ஒரு டெலிகிராம் குழுவிலும் அஞ்சல்தலைகளையும் பழைய உறைகளையும் பரிமாறிக்கொள்கிறேன். போன வாரம் முன்பின் அறியாத ஒருவர் அழைத்து, என் முழுப்பெயரையும் தெருவையும் சொல்லி, "திருவிதாங்கூர் அஞ்சல் தலைகளைக் கொடுப்பீர்களா, நேரில் வந்து பார்க்கலாமா?" என்று கேட்டார். நான் எந்தக் குழுவிலும் யாரிடமும் முகவரி கொடுத்ததில்லை. ஸ்டாம்ப் சேர்ப்பவனிடம் ஒளிக்க என்ன இருக்கிறது என்று வீட்டில் சிரிக்கிறார்கள். இதற்குப் பயப்பட வேண்டுமா?

ஜூன் 8, இரவு 9.40

முகவரியைக் கொடுத்திருக்கிறீர்கள். ஒரே ஆளிடம் முழுதாகக் கொடுக்காமல், பத்துப் பேரிடம் பத்துத் துண்டுகளாகக் கொடுத்திருக்கிறீர்கள். அவற்றை ஒட்டிப் பார்க்கப் பொறுமையுள்ள ஒருவர் போதும்.

முப்பத்தாறு ஆண்டுகள் அஞ்சல் துறையில் இருந்து, தேர்முட்டிக்கு எதிரே இருந்த ஒரு துணை அஞ்சலகத்தின் பொறுப்பாளராக 2014இல் ஓய்வு பெற்றவன் நான். எங்கள் அலுவலகத்துத் தபால்காரர் ஒருவர், ஒரு கடிதத்தைக்கூடப் பிரிக்காமல், தாம் தபால் கொடுக்கும் பகுதியான பீட்டில் இருந்த இருநூறு வீடுகளின் வரலாற்றையும் சொல்வார். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய நீள உறைகள் ஒரு வீட்டுக்கு வாரத்துக்கு மூன்று வந்தால் அங்கே பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள். கூட்டுறவு வங்கியின் பழுப்பு உறை பதிவுத் தபாலில் வந்தால் நகை ஏலத்துக்குப் போகப்போகிறது. மஸ்கட்டிலிருந்து மாதம் தவறாமல் வந்த உறை நின்றுபோனால், வேலை போய்விட்டது அல்லது பிள்ளை ஊருக்கு வந்துகொண்டிருக்கிறான். கறுப்பு ஓரம் போட்ட கருமாதிப் பத்திரிகையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதை வாசலில் நின்று படித்தவுடன் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள்.

உறையைப் பிரிக்கும் அஞ்சல் ஊழியருக்கு இரண்டு ஆண்டுவரை சிறை என்று 1898ஆம் ஆண்டு அஞ்சல் சட்டத்தின் 53ஆம் பிரிவு சொன்னது. மேற்புறத்தைப் பார்க்காதே என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பார்க்காமல் பட்டுவாடா செய்வது எப்படி? உங்களை அழைத்தவரும் எதையும் பிரித்திருக்கத் தேவையில்லை. நீங்கள் குழுவில் போட்டவற்றின் மேற்புறத்தைப் பார்த்திருப்பார்.

ஜூன் 9, காலை

கேட்டவரின் அனுமதியோடு, அவர் கடந்த நான்கு மாதங்களில் குழுக்களில் போட்ட படங்களை வரிசையாகப் பார்த்தேன். என் கைப்பேசியும் ஒரு மேசை விளக்கும்தான் என்னிடம் இருந்த கருவிகள். ஒன்றரை மணி நேரத்தில் அவர் வீட்டு வாசல்வரை வந்துவிட்டேன்.

மார்ச்சில், ஓர் அஞ்சல்தலையின் பல்விளிம்பு, அதாவது ஓரத்தில் பல்பல்லாக இருக்கும் பகுதி, தெளிவாகத் தெரியவில்லை என்று யாரோ சொல்ல, அவர் அதே படத்தை டாக்குமென்ட்டாக அனுப்பியிருக்கிறார். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்படும். படத்துக்குள் கேமரா எழுதிவைத்த நாள், நேரம், இடம் எல்லாம் உதிர்ந்துவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் மூலக்கோப்பு அப்படியே போகும், அட்சரேகை தீர்க்கரேகையோடு. அந்த எண்களை வரைபடத்தில் இட்டபோது ஊசி அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் வந்து நின்றது. இனி அவர் வாயால் முகவரி சொல்ல என்ன இருக்கிறது?

ஏப்ரலில், தமக்கு வந்த ஒரு ஸ்பீட் போஸ்ட் உறையைப் பெருமையாகப் போட்டிருக்கிறார். முகவரியைக் கட்டைவிரலால் மறைத்திருக்கிறார், பார்கோடை மறைக்கவில்லை. பதின்மூன்று எழுத்துள்ள அந்த எண்ணை அஞ்சல் துறையின் இணையதளத்தில் இட்டால், எங்கே எப்போது பதிவாயிற்று, எந்த அலுவலகம் பட்டுவாடா செய்தது என்பதெல்லாம் வரிசையாக வரும். நம் பக்கத்தில் ஒரு பட்டுவாடா அலுவலகத்துக்கு எத்தனை ஊர் இருந்துவிடப்போகிறது?

மே மாதத்தில், பணம் அனுப்பச் சொல்லி யு.பி.ஐ. முகவரியைக் குழுவிலேயே போட்டிருக்கிறார். அது அவருடைய கைப்பேசி எண்ணிலேயே தொடங்குகிறது. பணம் அனுப்ப முனைந்தவுடன் வங்கிக் கணக்கில் உள்ள முழுப்பெயர் திரையில் வந்துவிடும். ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டியதில்லை.

இன்னொரு படத்தில் ஆல்பத்துக்குப் பின்னால் டி.என். 68 என்று தொடங்கும் வண்டியின் எண்பலகை முழுதாகத் தெரிகிறது. அதன் உதவி எனக்குத் தேவைப்படவே இல்லை.

ஜூன் 9, மதியம்

ஒன்று சேர்க்க மறந்தேன். இந்தத் துண்டுகளில் இரண்டு, நம் பொழுதுபோக்கு கேட்டதால் வெளியே போனவை. பல்விளிம்பை எண்ண வேண்டும் என்றால் மூலக்கோப்பு வேண்டும். முத்திரையைக் காட்ட வேண்டும் என்றால் உறை முழுதும் வேண்டும். சமையல் குழுவிலோ கோலக் குழுவிலோ யாரும் இப்படிக் கேட்கமாட்டார்கள். நாமோ முகவரி எழுதப்பட்ட காகிதத்தையே சேர்ப்பவர்கள்.

ஆகவே என் யோசனை: கைப்பேசியை விட்டுவிட்டு, ஸ்கேனரில் வைத்து 600 டி.பி.ஐ. துல்லியத்தில் எடுங்கள். பல்விளிம்பும் நன்றாக விழும், ஸ்கேனருக்குத் தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்றும் தெரியாது. கைப்பேசிதான் உண்டு என்றால், கேமரா அமைப்பில் இடத்தைப் பதியும் வசதியை அணைத்துவிடுங்கள். முகவரியையும் பார்கோடையும் மென்பொருளில் கறுப்பு மையால் அடித்துவிட்டுப் போடுங்கள்.

ஜூன் 12, மாலை

மேட்டூர் திறந்த செய்தி தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே தண்ணீர் வந்துசேர இன்னும் சில நாள் ஆகும். பழைய நாளில் வாய்க்காலில் தண்ணீர் ஏறினால் எங்கள் அலுவலகத்தின் பின்படிக்கட்டில் கால் நனைத்துக்கொண்டு முத்திரைப் பட்டியைக் கழுவுவோம்.

கறுப்பு மையால் அடியுங்கள் என்று 9ஆம் தேதி எழுதியது அரைகுறை. என் மருமகன் அதைப் படித்துவிட்டு, நான் முன்பு போட்ட ஒரு படத்தை எடுத்து, வெளிச்சத்தைக் கூட்டி, மாறுபாட்டையும் கூட்டினான். நான் கறுப்பாக அடித்ததாக நினைத்த இடத்தில் முகவரியின் நான்கு வரிகளும் சாம்பல் நிறத்தில் எழுந்து நின்றன. மென்பொருளில் நான் பயன்படுத்தியது பேனா அல்ல, ஹைலைட்டர். அதன் மைக்குள் பாதி ஒளி ஊடுருவும். கண்ணுக்குக் கறுப்பு, கணினிக்குக் கண்ணாடி. ஓய்வு பெற்ற பிறகும் மாமனாரின் முகவரி மருமகனுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்று நான் பட்ட பாடு வீணாயிற்று.

ஒளி ஊடுருவாத பட்டையால் மறைத்து, மறைத்ததைப் புதுப் படமாகச் சேமித்து, அதைத்தான் அனுப்ப வேண்டும். பி.டி.எஃப். கோப்பின்மேல் கறுப்புப் பெட்டி வைப்பதும் ஆபத்து. பெட்டிக்கு அடியில் எழுத்து அப்படியே இருக்கும், நகலெடுத்து ஒட்டினால் வெளியே வந்துவிடும். வெட்டிய படத்தையும் முழுதாக நம்ப முடியாது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: கூகுள் பிக்சல் கைப்பேசிகளில் ஸ்கிரீன்ஷாட்டை வெட்டிச் சேமித்தால், வெட்டி எறிந்த பகுதியும் கோப்புக்குள் தங்கிவிடும் ஒரு பிழை இருந்தது 2023 மார்ச்சில் வெளிப்பட்டது.

எல்லாவற்றையும்விட எளிய வழி நம் தாத்தாக்களுடையது. ஒரு துண்டுக் காகிதத்தை உறையின்மேல் வைத்து மறைத்துவிட்டுப் பிறகு படம் எடுங்கள். கேமரா பார்க்காததை எந்த மருமகனாலும் மீட்க முடியாது.

ஜூன் 15

குழுவில் நம் எண் எல்லோருக்கும் தெரிகிறதே, என்ன செய்வது என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் அதைத் தவிர்க்க முடியாது. ஒரு குழுவில் 1,024 பேர்வரை இருக்கலாம், அத்தனை பேரும் உங்கள் எண்ணைப் பார்க்கலாம். டெலிகிராமில் எண்ணை மறைத்துவிட்டுப் பயனர் பெயரோடு மட்டும் இருக்க முடியும். பொழுதுபோக்குக்கென்று தனி சிம் வைத்துக்கொள்வது நல்லது. வங்கிக்கணக்கோடு இணைந்த எண் ஏலக் குழுவில் உலவக் கூடாது. யு.பி.ஐ. செயலியிலும் கைப்பேசி எண் இல்லாத இன்னொரு முகவரியை உருவாக்கிக்கொள்ளலாம், ஆனால் வங்கியில் உள்ள பெயர் அப்போதும் தெரியத்தான் செய்யும்.

சில ஏலக்காரர்கள் ஆதார் நகல் கேட்கிறார்கள். கொடுக்காதீர்கள். கொடுத்தே தீரவேண்டும் என்றால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை இறக்கிக் கொடுங்கள்.

முகவரியைவிட எனக்குக் கவலை தருவது, வீட்டில் ஆள் இல்லாத நாளை நாமே அறிவிப்பது. எங்கள் ஊரில் செவ்வாய்ச் சந்தையன்று பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும், அது ஊருக்கு மட்டும் தெரியும். "குடும்பத்தோடு திருச்செந்தூர் போகிறோம், வியாழன் வந்து உறைகளை அனுப்புகிறேன்" என்று குழுவில் எழுதினால் யாருக்கெல்லாம் தெரியும்? போய் வந்து எழுதினால் உறை கெட்டுப்போகாது.

ஜூன் 21

இது சிலருக்குப் பிடிக்காது, ஆனாலும் எழுதுகிறேன். நம் டெல்டாவில் முகவரி என்பது இடத்தை மட்டும் சொல்வதில்லை. மேலத்தெரு, கீழத்தெரு, அக்கிரகாரம், குடியானத்தெரு, காலனி: இவற்றில் ஒன்றை உறையில் பார்த்தவுடன், பெறுபவர் எந்தச் சாதி என்று தபாலைத் தெருவாரியாகப் பிரிக்கும் சார்ட்டிங்கில் நின்றவர்கள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். நானும் அவர்களில் ஒருவன்தான். யாருக்குக் கடிதத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு வருவது, யாரைத் தெருமுனைக்குக் கூப்பிட்டுக் கொடுப்பது என்பதெல்லாம் என் இளமைக் காலத்தில் அந்த ஒரு வரியிலிருந்தே முடிவாயின. அப்போது நான் வாய் திறந்ததில்லை.

எனவே தெருப்பெயரை மறைக்கச் சொல்லும்போது திருடனை மட்டும் நினைத்துச் சொல்லவில்லை. சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்த்துக்கொண்டு, எல்லோரையும்போல் அஞ்சல்தலை பேச வந்த ஓர் இளைஞரின் கீழத்தெருவை, அவருக்கு வந்த உறையின் படத்தைப் பகிர்ந்து, இன்னொருவர் குழுவில் போட்டுவிடுகிறார். போட்டவருக்கு அதில் அஞ்சல் முத்திரை மட்டும்தான் தெரிந்தது.

ஜூன் 22

நேற்றைய குறிப்புக்கு வந்த பதில்களில் ஒன்று, "பழைய உறைகளில் எல்லாப் பெயருக்கும் பின்னால் சாதி இருக்கிறதே, அதையும் அடித்துவிட்டால் சேகரிப்பில் மிஞ்சுவது என்ன?" என்கிறது. நியாயமான கேள்வி. பதில் என்னிடம் இருந்தது, எழுதவும் உட்கார்ந்தேன். எழுதும்போதே, நான் செய்த ஒரு காரியம் நினைவுக்கு வந்து கை நின்றுவிட்டது. பிறகு எழுதுகிறேன்.

ஜூலை 2, இரவு

பத்து நாள் தள்ளிப்போட்டதை இன்று எழுதிவிடுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நாகப்பட்டினத்தில் ஒரு பழைய காகிதக் கடையில் எடைக்கு வாங்கிய கட்டில் ஓர் உறை கிடைத்தது. 1946ஆம் ஆண்டு, பினாங்கிலிருந்து வந்தது. 'பி.எம்.ஏ. மலாயா' என்று மேலச்சடித்த தலைகள் ஒட்டியிருந்தன. ஜப்பானியர் போன பின்பு பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகம் அங்கே பயன்படுத்திய தலைகள் அவை. 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்ததும் மலாயாவுக்கும் நம் ஊர்களுக்கும் இடையே கடிதம் அறுந்துபோயிற்று; உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியாமல் மூன்றரை ஆண்டுகள் காத்திருந்த வீடுகள் இந்தக் கடற்கரை நெடுகிலும் உண்டு. அப்படிக் காத்திருந்த ஒரு வீட்டுக்கு வந்த முதல் கடிதம் அது என்பதை உள்ளே படித்தபோது தெரிந்துகொண்டேன். ஆம், படித்தேன். பணியில் இருந்தவரை ஒரு கடிதத்தையும் பிரிக்காதவன், எடைக்கு வாங்கியதும் படித்தேன்.

உறையையும் கடிதத்தின் முதல் பக்கத்தையும் ஒரு குழுவில் போட்டேன். ஊர், தெரு, பெறுபவர் பெயர் எல்லாம் தெரிந்தன. எழுபத்தைந்து ஆண்டு கடந்துவிட்டது, யாருக்கு என்ன என்று நினைத்தேன். பாராட்டுகள் குவிந்தன, எங்கெங்கோ பகிர்ந்தார்கள்.

நான்கு மாதம் கழித்து ஒரு பெண்மணி எழுதினார். கடிதம் எழுதியவர் அவருடைய தாத்தா, தம்பிக்கு எழுதியிருந்தார். போரின்போது அங்கே இன்னொரு குடும்பம் அமைந்துவிட்டதையும், அதை மனைவியிடம் சொல்லக் கூடாது என்பதையும் முதல் பக்கத்தின் கடைசி ஆறு வரிகள் சொல்கின்றன. முத்திரையின் வட்டம் அழகாக விழுந்திருக்கிறதே என்று உறையோடு அந்தப் பக்கத்தையும் காட்டிய எனக்கு, அந்த ஆறு வரிகள் சுவையான செய்தி. பாட்டி 1990களில் இறக்கும்வரை அறியாமல் இருந்ததை, அவர்களுடைய உறவினர் குழுவில் யாரோ பகிர்ந்த என் படத்தைப் பார்த்துப் பேத்தி அறிந்திருக்கிறார். திட்டவில்லை. படத்தை எடுத்துவிட முடியுமா என்று மட்டும் கேட்டிருந்தார். எடுத்தேன். பகிரப்பட்டவற்றை யார் எடுப்பது?

ஜூலை 3

ஒருவர் சட்டம் கேட்டிருக்கிறார். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தார்கள். அதன் பிறகு வந்த 2023ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, ஒருவர் தம் சொந்த, வீட்டுப் பயனுக்காகத் தரவைக் கையாள்வதற்குப் பொருந்தாது. ஒருவர் தாமே பொதுவில் வெளியிட்ட தரவுக்கும் பொருந்தாது. பொழுதுபோக்குக் குழுவில் நடப்பதில் பெரும்பகுதி இந்த இரண்டு விலக்குகளுக்குள் அடங்கிவிடும் என்றே எனக்குப் படுகிறது. யாராவது மிரட்டினாலோ பணம் பறித்தாலோ 1930 என்ற இணையக் குற்ற உதவி எண் இருக்கிறது. நான் செய்ததற்கு எந்த எண்ணும் இல்லை.

இன்னொன்று. போர்க்காலத் தணிக்கை நாடா ஒட்டிய உறைக்கு நம்மிடையே விலை அதிகம். பிறர் பிரித்துப் படித்த கடிதத்துக்குக் கூடுதல் பணம் தரும் கூட்டம் உலகத்தில் நாம் மட்டும்தான் இருப்போம்.

ஜூன் 22 கேள்விக்கு இப்போது என் பதில்: முத்திரை, தலை, தடம், கட்டணம், தேதி இவை போதும். பெயருக்கும் தெருவுக்கும் மேல் காகிதத் துண்டு. கடிதத்தின் உள்பக்கம் கிடையாது, எத்தனை ஆண்டு ஆகியிருந்தாலும்.

ஜூலை 14

இதைச் சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன், ஆனால் நேற்றிரவு சிரிக்கவில்லை. ஒரு வாசகர் தனிச் செய்தியில், நான் எந்த அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றேன் என்பதைப் பின்கோடோடு எழுதியிருக்கிறார். சரியாக. எப்படி என்று கேட்டேன். தேர்முட்டிக்கு எதிரே என்று 8ஆம் தேதி எழுதினேன். பின்படிக்கட்டு வாய்க்காலில் இறங்குவதை 12ஆம் தேதி. செவ்வாய்ச் சந்தையை 15ஆம் தேதி. 2014இல் ஓய்வு என்பதை முதல் நாளே. செவ்வாயன்று சந்தை கூடும் ஊர்களில், தேர் உள்ள கோயிலும் துணை அஞ்சலகமும் வாய்க்கால் கரையில் இருப்பவை அவர் கணக்கில் மூன்று. அவற்றில் 2014இல் பொறுப்பாளர் ஓய்வு பெற்ற ஊர் ஒன்று என்பதை அவருடைய சித்தப்பா சொல்லியிருக்கிறார்; சித்தப்பா ரயில் தபால் பிரிவான ஆர்.எம்.எஸ்.காரர்.

பத்துத் துண்டு என்று முதல் குறிப்பில் எழுதினேன். நான்கு போதும் என்று திருத்திக்கொள்ளுங்கள். படத்தில் எல்லாம் காகிதத் துண்டு வைத்து மறைத்தவன், கதை சொல்லும்போது எதையும் மறைக்கவில்லை. அந்தக் குறிப்புகளை இனி மாற்றப்போவதில்லை. அவர் ஏற்கெனவே படித்துவிட்டார், மாற்றினால் மற்றவர்கள் எதை மாற்றினேன் என்று தேடுவார்கள்.

ஜூலை 15

பரிமாற்றத்துக்கு வீட்டு முகவரி கொடுக்காமல் இருக்க, அஞ்சலகத்தில் வாடகைக்குத் தபால் பெட்டி எடுக்கலாமே என்று பலர் சொல்கிறார்கள். நகரத்தில் நல்ல வழி. எங்கள் அலுவலகத்தில் மொத்தம் ஆறு பெட்டிகள்; நான்காம் எண் யாருடையது என்று டீக்கடைக்காரரும் சொல்வார். அதைவிட, பெரிய ஊரின் தலைமை அஞ்சலகத்தில் கடிதத்தை வைத்திருக்கச் செய்து, அடையாளம் காட்டி நேரில் வாங்கிக்கொள்ளும் 'போஸ்ட் ரெஸ்டாண்டே' வசதி மேல். இன்றும் உண்டு. கவுண்டரில் இருப்பவருக்கே சில சமயம் தெரியாது என்பதால் பொறுமையாக விளக்க வேண்டும்.

ஆகஸ்ட் 4

நேற்று ஆடிப்பெருக்கு. படித்துறையில் கூட்டம் என்பதால் போகவில்லை.

ஜூலை 2 குறிப்பை அந்தப் பேத்தியும் படித்திருக்கிறார். அவரைப் பற்றிய விவரங்களில் இரண்டை நான் மாற்றித்தான் எழுதியிருந்தேன் என்பதையும் கவனித்திருக்கிறார். அந்தக் கடிதம் தமக்கு வேண்டும் என்று கேட்டார். தலைகளை நான் வைத்துக்கொள்ளலாமாம். உறையிலிருந்து தலையைப் பிரித்தால் இரண்டுமே வீண் என்பது சேர்ப்பவர்களுக்குத் தெரியும். முழுதாகவே தருவதாக எழுதி, முகவரி கேட்டேன். தரவில்லை. ஜூலை 15 குறிப்பைச் சுட்டி, ஒரு தலைமை அஞ்சலகத்தின் பெயரையும் பின்கோடையும் மட்டும் கொடுத்து, 'போஸ்ட் ரெஸ்டாண்டே' என்று எழுதி அனுப்பச் சொன்னார்.

இன்று காலை உறையை ஒட்டி, பெறுநர் இடத்தை எழுதிவிட்டு, அனுப்புநர் இடத்துக்கு வந்து பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். இத்தனை குறிப்பு எழுதிய பிறகு அங்கே முகவரி எழுதவா? எழுதாவிட்டால், அவர் வந்து வாங்காமல் போகும் நிலையில், கடிதம், சேர்க்க முடியாத தபால்கள் போய்ச்சேரும் ஆர்.எல்.ஓ.வுக்குப் போகும். அனுப்பியவர் யார் என்று கண்டுபிடிக்க அங்கே உறையைப் பிரித்துப் பார்ப்பார்கள். அந்த ஆறு வரிகளை இன்னொருவர் படிப்பார்.

கதவெண், தெரு, ஊர், பின்கோடு எல்லாவற்றையும் முழுதாக எழுதி அனுப்பினேன்.